எரிந்த வீட்டின் பிளான்

கோவை காந்திபுரத்தில், ஜவுளிக்கடை ஒன்றின் மேல்மாடியில், கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து கோப்புகளை மீட்டுத் தரும் கூடம் இருந்தது. நடத்தியவர் பூங்கோதை. அவரிடம் தொழில் கற்றவர் சிவசாமி.

குருவுக்கு நாற்பது நடந்துகொண்டிருந்தது. சீடருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. சிவசாமி நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஆலை மூடியபின் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் வந்து சேர்ந்தார். அவர் குருவை டீச்சர் என்பார். குரு அவரை அண்ணா என்பார்.

ஒரு காலையில் நஞ்சப்பன் என்பவர் மனைவி வசந்தமணியோடு படியேறி வந்தார். நஞ்சப்பன் வீட்டு பிளான் போடுகிறவர். அவர் ஊரில் பாதிப் பேர் அவர் இழுத்த கோட்டுக்குள்தான் குடியிருந்தார்கள். இருவரும் உறவில் ஒரு கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி போயிருந்தபோது, இன்வெர்ட்டர் பேட்டரியில் பிடித்த தீ அவர்களுடைய சொந்த வீட்டையே தின்றுவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடு மட்டும் இல்லை. தளம் விரிசல் விட்டுவிட்டது, இடிக்கத்தான் வேண்டும் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

நஞ்சப்பன் இரண்டு பொட்டலங்களை மேசைமேல் வைத்தார். ஒன்றில், உருகிய லேப்டாப்பிலிருந்து பெயர்த்தெடுத்த ஹார்ட் டிஸ்க். இன்னொன்று எவர்சில்வர் தூக்குப்போசி. அதைத் திறந்தால் உள்ளே அரிசி. அரிசிக்குள் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் புதைந்திருந்தது. தீயணைப்புக்காரர்கள் அடித்த தண்ணீர் அதற்குள் போய்விட்டதாம். அரிசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்களாம்.

சிவசாமிக்குச் சுருக்கென்றது. ஈரமானதை அப்படியே கொண்டுவந்திருந்தால் வேலை பாதி. காய்ந்து, கரி படிந்து, அரிசிமாவும் ஒட்டிக்கொண்டால் இரட்டிப்பு. அதைச் சொல்ல வாயெடுத்தார். பூங்கோதை அதற்குள் டிஸ்க்கைக் கையில் எடுத்து, ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகத் தட்டி மறுபடி போசியில் போட்டு, போசியை வசந்தமணியிடம் கொடுத்தார்.

அவர்கள் போனபிறகு சிவசாமி கேட்டார், ஏன் சொல்லவில்லை என்று.

"இனிச் சொல்லி அரிசிய வெளிய எடுக்க முடியுங்களா அண்ணா?" என்றார் பூங்கோதை.

மற்றவர்களுடைய பிளான்களைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்று நஞ்சப்பன் போவதற்கு முன்பே சொல்லியிருந்தார். எல்லாருக்கும் அவரவர் கையில் ஒரு பிரதி இருந்தது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவருடைய சொந்த வீட்டின் பிளான். பஞ்சாயத்து ஆபீசில் ஒரு பிரதி இருக்குமே என்று சிவசாமி கேட்டதற்கு, அவர் சற்றே நெளிந்தார்.

"அது அங்க குடுக்கறதுக்குப் போட்டதுங்க. கட்டுனது வேற."

அந்த வீட்டை வருஷக்கணக்கில் மாற்றி மாற்றி வரைந்தாராம். அதே இடத்தில், ஓர் அங்குலம் பிசகாமல், அதே வீட்டை மறுபடி எழுப்பப்போகிறாராம். தீப்பிடித்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று வசந்தமணி சொன்னார். நஞ்சப்பன் எழுந்து கும்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"செவுருதானுங்க எரிஞ்சுது. வீடு இதுக்குள்ள இருக்குது. எடுத்துக் குடுங்க."

முதல் டிஸ்க் சுலபமாக மசிந்தது. அடியிலிருந்த சர்க்யூட் போர்டு மட்டும்தான் வெந்திருந்தது. அதே மாடல் போர்டு ஒன்றைத் தேடிப்பிடித்து, பழையதிலிருந்த சின்ன சிப் ஒன்றைப் பெயர்த்து இதில் வைத்துப் பற்றவைத்ததும் டிஸ்க் சுற்றத் தொடங்கியது. எல்லாம் வந்தது. அந்த வீட்டு பிளான் மட்டும் அதில் இல்லை. அது அவருடைய பழைய லேப்டாப்பின் டிஸ்க்கில், அதாவது அரிசிக்குள் வந்ததில் இருந்தது.

பூங்கோதை அதைத் தூசி புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் திறந்தார். உள்ளிருந்த தட்டுகளைக் கழுவி, தட்டைப் படிக்கும் ஹெட்டுகளை வேறொரு டிஸ்க்கிலிருந்து எடுத்துப் பொருத்தினார். பிறகு தட்டில் உள்ளதை அப்படியே புதிய டிஸ்க் ஒன்றில் நகலெடுக்கும் பொறுப்பை சிவசாமியிடம் விட்டார்.

நகல் கொஞ்ச தூரம் நன்றாக ஓடியது. பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டது. சிவசாமி அதே இடத்தை மறுபடி மறுபடி படிக்கவைத்தார். டிஸ்க் முனகியது. பூங்கோதை வந்து அவர் தோளருகே நின்றார்.

"தாண்டிப் போங்கண்ணா."

"இதுக்குள்ளதான் அவரு வீடு இருந்துச்சுன்னா?"

"இருக்கட்டுங்க. மொதல்ல படிக்கிற எடத்தப் படிச்சுக்குவோம். முரண்டு பண்ற எடத்துக்குக் கடைசில வருவோம்."

சிவசாமி மனசில்லாமல் தாண்டினார். அதன்பின் நகல் சீராக ஓடியது.

அது ஓடிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மத்தியானம் வசந்தமணி தனியாக வந்தார். பூங்கோதை வங்கிக்குப் போயிருந்தார். வசந்தமணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தால் குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்த ஒரு பிளான் மட்டும் எரிந்துபோய்விட்டது என்று சொல்லிவிட முடியுமா என்று சிவசாமியைக் கேட்டார்.

சிவசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. வசந்தமணி பிறகு மெதுவாகச் சொன்னார். அந்த வீட்டுச் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலில் லைட் போட்டுத்தான் அடுப்பு மூட்டவேண்டும். பத்தொன்பது வருஷம் அப்படித்தான். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முன்னறையில் நின்று என்ன வெளிச்சம், என்ன காற்று என்று புகழ்ந்துவிட்டுப் போவார்கள். வசந்தமணி இருட்டில் காப்பி கலந்து கொண்டுவந்து கொடுப்பார்.

"நல்ல மனுசனுங்க. ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். மறுபடி அதே வீட்டுக்குள்ள போறதுக்குத்தான் மனசு வரமாட்டீங்குது."

கணவரிடம் சொல்லலாமே என்றார் சிவசாமி. அவர் இப்போது இருக்கிற நிலைமையில் எப்படிச் சொல்வது என்றார் வசந்தமணி.

"பாக்கலாங்க" என்றார் சிவசாமி.

இரண்டு நாள் அதை மனசுக்குள் வைத்துப் புழுங்கினார். அதை அழித்துவிட ஒரு பட்டனை அழுத்தினால் போதும். யாருக்கும் தெரியாது. அந்த அம்மாவுக்கு நல்லது. ஆனால் கும்பிட்டு நின்ற மனிதரின் முகம் கண்ணிலேயே நின்றது. மூன்றாம் நாள் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

பூங்கோதை கேட்டுக்கொண்டார்.

"நீங்க என்னன்னு சொன்னீங்கண்ணா?"

"பாக்கலாம்னேன்."

"அப்பப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலைக்குத் திரும்பினார்.

தாண்டிவந்த இடத்துக்குக் கடைசியில் திரும்பியபோது, அது கொஞ்சம் கொடுத்தது, கொஞ்சம் கொடுக்கவில்லை. கொடுக்காத பகுதியில் கோப்புகளின் பெயர்களும் தேதிகளும் போய்விட்டன. கோப்புகள் வந்தன. எது என்னவென்று சொல்லும் பெயர் ஒன்றுக்கும் இல்லை, வெறும் எண்கள். சிவசாமி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நஞ்சப்பன் மாற்றி மாற்றி வரைந்த தன் வீடுகள் அதில் நிறைய இருந்தன. எல்லாம் ஒன்றுபோலவும் இருந்தன, ஒன்றுபோல இல்லாமலும் இருந்தன. கட்டிய வீடு எது என்று அவருக்குத் தெரியவில்லை.

பூங்கோதை இருவரையும் வரச்சொல்லி போன் செய்தார். தவறாமல் இருவரும் வரவேண்டும் என்றார்.

நஞ்சப்பன் உள்ளே வரும்போதே மவுசுக்குக் கை நீட்டினார். பூங்கோதை திரைக்கு முன்னாலிருந்த நாற்காலியை வசந்தமணியின் பக்கம் திருப்பினார்.

"நீங்க வரைஞ்சவருங்க. உங்களுக்கு இதுல எல்லாமே உங்க வீடுதான். குடியிருந்தவங்க பாத்துச் சொல்லட்டுங்க."

வசந்தமணி பதறினார். தனக்கு பிளான் பார்க்கத் தெரியாது என்றார்.

"பாக்க வேண்டாங்க. வாசல்ல இருந்து உள்ள நடங்க."

வசந்தமணி சிவசாமியை ஒருமுறை பார்த்தார். சிவசாமி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வசந்தமணி ஆள்காட்டி விரலைத் திரையில் வாசற்படியின்மேல் வைத்து உள்ளே நடத்தினார். முன்னறை, சாமியறை.

"இது இல்லீங்க. சாமி இந்தப் பக்கம் இல்ல."

பூங்கோதை அடுத்ததைத் திறந்தார். அதுவும் இல்லை. அடுத்ததில் படுக்கையறை சின்னதாக இருந்தது. நஞ்சப்பன் பின்னால் நின்று, அது ஆரம்பத்தில் போட்டது, இது மச்சான் சொல்லிப் போட்டது என்று ஒவ்வொன்றுக்கும் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். பல நாட்களுக்குப் பிறகு அவர் குரலில் உயிர் இருந்தது.

இன்னொன்று திறந்தது. விரல் வாசலில் நுழைந்து, முன்னறையைக் கடந்து, சமையலறைக்குள் திரும்பியது. அங்கே நின்றது.

"இது என்னங்க, செவுத்துல ரெண்டு கோடு?"

"அது ஜன்னல்" என்றார் நஞ்சப்பன். "கெழக்கப் பாத்த ஜன்னல். மொதல்ல அப்படித்தான் போட்டேன். அப்பறம் படிக்கட்டு அந்தப் பக்கம் வந்துச்சு, எடுத்துட்டேன்."

"இது எங்க வீடு இல்லீங்க" என்றார் வசந்தமணி.

பூங்கோதை அடுத்ததைத் திறக்கவில்லை. வசந்தமணியின் விரலும் நகரவில்லை.

நஞ்சப்பன் மனைவியின் விரலைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். ஜன்னலை எடுத்தபோது நீ ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டார்.

"நீங்க கேக்கலீங்க" என்றார் வசந்தமணி. அதில் கோபமோ குறையோ இல்லை. நேற்று மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னார்.

"அப்பறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"பால் காய்ச்சுன அன்னைக்கு ஊரே உங்களப் புகழ்ந்துச்சு. நீங்க அழுதீங்க. அன்னைக்கு வாய் வரலீங்க. அதுக்கப்பறம் நாள் வரலீங்க."

கீழே கடையில் யாரோ துணியைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. வசந்தமணி திரையைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"இப்ப இருக்கற வாடகை வீட்டுல, காலைல காப்பி வெக்கறப்ப வெயில் வந்து கைமேல விழுகுதுங்க. நம்ம வீடு எரிஞ்சு கெடக்குது. எனக்குச் சந்தோசமா இருக்குது. அத நெனச்சு வெக்கமாவும் இருக்குது."

நஞ்சப்பன் அடுத்ததைத் திறக்கச் சொன்னார். பூங்கோதை திறந்தார். வசந்தமணி விரலை வைக்காமலே சொன்னார், இதுதான் என்று.

அதுதான். கட்டிய வீடு. ஒரு கோடும் அழியாமல் முழுசாக வந்திருந்தது. இதற்காகத்தான் நஞ்சப்பன் நாட்கணக்காகச் சோறு இறங்காமல் இருந்தார். அதை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார், ஒரு பழைய நண்பரைப் பேருந்தில் ஏற்றிவிட வந்தவர் பார்ப்பதுபோல. பிறகு பூங்கோதையிடம், முன்னால் பார்த்ததையே மறுபடி காட்டச் சொன்னார். நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஜன்னல் வெச்சா படிக்கட்ட எங்க போடறது?"

தன்னைத்தான் கேட்கிறாரா என்று வசந்தமணி திரும்பிப் பார்த்தார்.

"வெளிய போடுங்க."

"மழையில நனையோணும்."

"நனைவோம்."

நஞ்சப்பன் சிரித்துவிட்டார். வசந்தமணியும் சிரித்தார். மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, கேட்காமலே சிவசாமியின் தாள் ஒன்றை இழுத்து, நஞ்சப்பன் கோடு போட ஆரம்பித்தார். பாத்திரம் கழுவும் தொட்டியும் அந்த ஜன்னலுக்கு நேராக இருக்கட்டும் என்றார் வசந்தமணி. அப்படியென்றால் குழாய் சுற்றி வரவேண்டும் என்றார் நஞ்சப்பன். வரட்டும் என்றார் வசந்தமணி. அந்தத் தாளில் கோடுகளைவிட அழிப்புகள் அதிகமாயின.

பூங்கோதை எல்லாக் கோப்புகளையும் புதிய டிஸ்க் ஒன்றில் போட்டுக் கொடுத்தார். ஜன்னல் இருந்ததும் இல்லாததும், ஒன்றுவிடாமல். நஞ்சப்பன் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். தாளை வசந்தமணி மடித்து வைத்துக்கொண்டார். படியிறங்கும்போதும் அவர்களுடைய பேச்சு ஓயவில்லை. படிக்கட்டுக்கு மேலே தகரம் போட்டால் பார்க்க நன்றாயிருக்காது என்று நஞ்சப்பன் சொல்லிக்கொண்டே போனார்.

சத்தம் அடங்கியபின் சிவசாமி ஜன்னலோரமாக நின்று தெருவைப் பார்த்தார். இருவரும் ஒரு கரும்புச்சாறு வண்டியருகே நின்றிருந்தார்கள். நஞ்சப்பன் கையை வீசி எதையோ விளக்க, வசந்தமணி தலையை ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தார். சிவசாமிக்கு மனசு லேசாக இருந்தது. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

"டீச்சர், அவரு எடுத்துக் குடுக்கச் சொன்னது ஒரு வீடு. கொண்டு போறது வேற வீடு. நாம எதைங்க மீட்டுக் குடுத்தோம்?"

பூங்கோதை அரிசிக்குள் வந்த டிஸ்க்கின் மூடியை எடுத்து, அதன் ஓரத்தில் இருந்த கரியை ஒரு பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் ஒரே தட்டுலதானுங்களே அண்ணா இருந்துச்சு" என்றார்.