வேலம்மையும் சாம்பல் கிளிகளும்

கடல்களுக்கு இன்னும் பெயர் வைக்காத காலத்தில் சிரித்தபுரம் என்றொரு நாடு இருந்தது. அங்கே ஒரு வழக்கம். யாரைப் பார்த்தாலும் "நலமா?" என்று கேட்க வேண்டும். "நலம், நலம், நலமோ நலம்!" என்று சிரித்தபடி பதில் சொல்ல வேண்டும். காய்ச்சலில் கிடந்தாலும் அதே பதில். பிள்ளையைப் பறிகொடுத்தாலும் அதே பதில். மாற்றிச் சொன்னால் மரியாதை தெரியாதவர்கள் என்று ஏசுவார்கள்.

கரிமுகன் என்ற மந்திரவாதிக்கு அது அல்வா சாப்பிட்ட மாதிரி. ஆளுக்கொரு சாம்பல் கிளியை ஏவினான். யார் கண்ணுக்கும் தெரியாமல் தோளில் உட்கார்ந்து, "போதாது, போதாது, நீ செய்தது போதாது" என்று அது காதுக்குள் சொல்லும். பொய்யாக ஒரு "நலம்" சொன்னால் அதற்கு ஒரு கவளம் சோறு. தின்னத் தின்னக் கனக்கும். சுமக்க முடியாதவர்கள் காலிலிருந்து கல்லாவார்கள். பூதங்கள் வந்து தூக்கிப் போகும். அந்தக் கற்களை அடுக்கித்தான் அவன் கோட்டை கட்டினான், படுபாவி!

அந்த நாட்டில் கயிறு திரிக்கும் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். இந்த முனையில் அக்கா வேலம்மை, அந்த முனையில் தங்கை தாழம்பூ. கை கயிறு திரிக்கும், வாய் ஊர்க்கதை திரிக்கும். ஒருநாள் அந்த முனையில் கதை நின்றது. பிறகு சாப்பாடு நின்றது. பிறகு தூக்கமும் நின்றது.

"ஏண்டி, நலமா?" என்பாள் வேலம்மை, நாரை உதறியபடியே.

"நலம், நலம், நலமோ நலம்."

ஒரு காலையில் பார்த்தால் தங்கையின் கால் கருங்கல்!

வேலம்மை அரசனிடம் ஓடினாள். "சிரித்துக்கொண்டே இருக்கச் சொல்" என்றான். மந்திரியிடம் ஓடினாள். "அவளைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இல்லையா?" என்றார். ராஜகுருவிடம் ஓடினாள். "மனதைத் திடமாக வைத்துக்கொள்ளச் சொல்" என்றார்.

"திடமாத்தான் ஆயிட்டிருக்கா, சாமி! முழங்கால் வரைக்கும் கல்லு!" என்று கத்திவிட்டுத் திரும்பினால், வீட்டில் தங்கை இல்லை. வாசலில் பூதங்களின் காலடி.

தடம் பிடித்துப் போனாள். கோட்டை வாசலில் கரிமுகன்.

"வாம்மா, நலமா?"

பழகிய நாக்கு "ந" வரைக்கும் வந்துவிட்டது. கோபம் அதைப் பிடித்து நிறுத்தியது.

"நலமில்லைடா!"

வாசல் கதவு விழுந்தது.

"யோசித்துச் சொல். நலமா?"

"நலமில்லை! நிம்மதியாத் தூங்கி எத்தனை நாளாச்சு!"

கோபுரம் விழுந்தது.

"மரியாதையாகச் சொல். நலமா?"

"என் தங்கச்சியைச் சுவரில் வெச்சுப் பூசறவனுக்கு மரியாதை வேற கேக்குதா? நார் உதறிக்கிட்டே கேட்டேனே, நின்னு அவ முகத்தைப் பார்த்தேனா? என் மேலயும் எனக்குக் கோபம்தான். நலமில்லை!"

அவள் தோளில் அதுவரை இருந்த கிளி சாம்பலாய் உதிர்ந்தது. ஆனால் சுவர் அசையவில்லை. கரிமுகன் கெக்கலித்தான். "உன் கிளி போச்சு. அவள் கிளி அவள் வாய்க்குத்தான் அடங்கும்!"

சுவரில் தாழம்பூ, கழுத்து வரை கல். வேலம்மை எதிரே உட்கார்ந்தாள்.

"தாழம்பூ, நலமா?"

"நலம்…"

"சரி. நான் இங்கேயே இருக்கேன்."

வெயில் ஏறியது. மறுபடி கேட்டாள். வெயில் சாய்ந்தது. மறுபடி கேட்டாள்.

"நல்லா இல்லக்கா. எதுக்கு எழுந்திருக்கணும்னே தெரியலக்கா."

சிரி என்று வேலம்மை சொல்லவில்லை. "சொல்லும்மா" என்றாள். தங்கை சொல்லச் சொல்ல, கழுத்து இளகியது, தோள் இளகியது, கை இளகியது. பக்கத்துக் கல் விம்மியது: "எனக்கும் நல்லா இல்லை." அதற்கடுத்த கல்லும், அதற்கடுத்த கல்லும் அதையே சொல்லின. சுவர் முழுக்க மனிதர்களாகி இறங்கி வந்தது. பட்டினி கிடந்த கிளிகளெல்லாம் கரிமுகன் மேல் அப்பிக்கொண்டு "போதாது, போதாது" என்று கொத்த, அவன் ஓடியே போனான்.

அரசன் பல்லக்கில் வந்தான். "மக்களே, நலமா?"

"கேட்டா இறங்கி நின்னு பதில் கேளுங்க. இல்லாட்டி கேக்காதீங்க!" என்றாள் வேலம்மை.

அரசன் இறங்கினான். பதில்கள் முடியப் பொழுது விடிந்தது. கோட்டை இருந்த நீள மனையை அக்கா தங்கைக்கே கயிறு திரிக்கக் கொடுத்தான்.

அதன்பிறகு அந்த நாட்டில், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் நலம் கேட்பார்கள். தாழம்பூ காலை வெயிலில் நடப்பாள், அக்காவோடு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள், விளக்கணைத்தால் தூங்குவாள். சில நாள் அந்த இளைத்த கிளி திரும்பி வரும். "அக்கா, வந்துடுச்சு!" என்று அவள் உரக்கக் கத்துவாள். பறந்துவிடும்.

அங்கே அவர்கள் சில நாள் நலம், சில நாள் நலமில்லை. இங்கே நாமும் அப்படித்தான்.