கஜானாக் காசில் கட்சி நடத்திய திருமேனி

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கும் அலுப்புத் தட்டும் என்று யாரும் நம்பாத காலத்தில், ஒரு ராஜா இருந்தார். ஊர் வழக்குகளைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துப்போயிற்று. "இனி நகரசபையைக் குடத்தில் ஓலை போட்டு நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்" என்று உத்தரவு போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டார்.

உடனே மேலவீதிக் கட்சி, கீழவீதிக் கட்சி என்று இரண்டு முளைத்தன. மேளம், பந்தம், பந்தி எல்லாவற்றுக்கும் காசு வேண்டுமே. இரண்டு கட்சிக்கும் படியளந்தவர் எண்ணெய் வியாபாரி குபேரலிங்கம். ஆகவே எந்தக் கட்சி ஜெயித்தாலும் எண்ணெய்க்கு வரி குறைந்தது. குறைந்த வரி எங்கேயாவது போய் உட்கார வேண்டும் அல்லவா? மோர்ப் பானைமேல் போய் உட்கார்ந்தது.

மோர் விற்கும் அங்கம்மை அரண்மனைக்கு வந்து நின்றாள். "சாமி, போன மாசம் கன்னுக்குட்டிய வித்து வரி கட்டினேன். இந்த மாசம் பசுவையும் விக்கச் சொல்றாக. அப்புறம் மோருக்கு நான் எங்க போவேன்?"

ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. சபையைப் பார்த்துக் கேட்டார்: "கட்சி நடத்தக் காசு வேண்டும். ஆனால் காசு கொடுத்த எந்த ஒருவருக்கும் கட்சிக்காரன் கடமைப்படக் கூடாது. இதற்கு வழி என்ன?"

பிரதானி சிங்கராயர் எழுந்தார். எண்ணெய் வியாபாரி அவருடைய மைத்துனர். விகடகவி திருமேனியைக் கண்டாலோ அவருக்கு வயிற்றெரிச்சல். "மகாராஜா, இது நம் திருமேனிக்கே உரிய கேள்வி. நாளைக்குள் வழி சொல்லட்டும். தவறினால் சபையை விட்டுப் போகட்டும்."

'நம் திருமேனி' என்று யாராவது சொன்னால் போதும், திருமேனி யோசிக்காமல் தலையாட்டிவிடுவார். இப்போதும் ஆட்டினார். கேள்வி என்னவென்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் யோசித்தார்.

"வழி தெரியுமா?" என்றாள் மனைவி உமையாள்.

"தெரியாது."

"பின்னே ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"சபையே என்னைப் பாத்துச்சு."

"மூக்குல மை ஒட்டியிருக்கு. அதைப் பாத்திருப்பாங்க."

அன்று திருமேனிக்குச் சோறு இறங்கவில்லை. மறுசோறு வாங்கியதோடு நிறுத்திக்கொண்டார். அவ்வளவு கவலை.

மறுநாள் சபையில் கைகட்டி நின்றார். "மகாராஜா, 'எந்த ஒருவருக்கும்' கடமைப்படக் கூடாது என்பதுதானே உத்தரவு? எல்லாருக்கும் கடமைப்படலாம் அல்லவா? கஜானாவில் இருப்பது எல்லாரும் கட்டிய வரி. அங்கம்மையின் கன்றுக்குட்டியும் அதற்குள்தான் நிற்கிறது. கட்சிச் செலவைக் கஜானாவே கொடுக்கட்டும்."

ராஜா தலையசைத்தார். சிங்கராயர் மட்டும் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். பொழுது விடிந்ததும் அவருடைய சித்தப்பா, பெரியப்பா, சம்பந்தி என்று ஆளுக்கொரு கொடியோடு கஜானா வாசலில் வரிசையாக நின்றார்கள். எல்லாரும் நேற்று கட்சி தொடங்கியவர்கள்.

"இவர்களுக்கும் கொடுக்க வேண்டுமா, திருமேனி?" என்று ராஜா புருவத்தை உயர்த்தினார்.

இதைத் திருமேனி யோசிக்கவே இல்லை. வரிசையைப் பார்த்துக்கொண்டே தட்டுத் தடுமாறிச் சொன்னார்: "ஓலையை எண்ணிய பிறகு, விழுந்த ஓலைக்குத் தக்கபடி கொடுப்போம், மகாராஜா. வாங்குகிறவர் என்ன செலவு செய்தார், வேறு யாரிடம் என்ன வாங்கினார் என்று சந்தையில் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும்."

"ஜனங்கள் தகுதி பார்த்துத்தான் ஓலை போடுவார்களா?" என்றார் சிங்கராயர்.

"சோதித்துப் பார்க்க நானே ஒரு கட்சி தொடங்குகிறேன்" என்றார் திருமேனி. சோதனை என்பது சாக்கு. ஜெயித்துவிடுவோம் என்று உள்ளுக்குள் அவருக்கு நப்பாசை.

ராஜா சம்மதித்தார். தமுக்கு என்றதும் குபேரலிங்கம் பண முடிப்பை இறுகக் கட்டிவிட்டார். அவர் போடும் ஓலைக்கும் அங்கம்மை போடும் ஓலைக்கும் கஜானா கொடுப்பது ஒரே அளவுதான் என்று தெரிந்ததும், இரண்டு கட்சிக்காரர்களும் அங்கம்மை வாசலுக்கு வந்து மோர் வாங்கிக் குடித்தார்கள், வரியைப் பற்றி விசாரித்தார்கள். திருமேனி பேசிய இடத்தில்தான் கூட்டம் அதிகம். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் பதவியேற்கப் புதுத் தலைப்பாகைக்குச் சொல்லி வைத்தார்.

குடம் உடைத்து எண்ணினார்கள். கீழவீதிக் கட்சி ஜெயித்தது. முதல் கூட்டத்திலேயே மோர் வரியை நீக்கியது. சிங்கராயரின் உறவினர்களுக்கு ஆளுக்கு ஓர் ஓலை விழுந்திருந்தது, அவரவர் போட்டது. திருமேனிக்கும் ஒன்றே ஒன்று.

சிங்கராயர் சபையில் வாய்விட்டுச் சிரித்தார். "இவ்வளவு புகழ் பெற்ற விகடகவிக்கு ஒரே ஓலையா?"

திருமேனிக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் நிமிர்ந்து நின்றார். "அதுதான் சாட்சி, மகாராஜா. கோமாளிக்குச் சிரிப்பைக் கொடுத்தார்கள், ஓலையை வேண்டிய இடத்தில் போட்டார்கள். ஜனங்கள் தெளிவாகத்தான் இருக்கிறார்கள். என்னால் கஜானாவுக்கும் பெரிய நஷ்டமில்லை."

"அந்த ஒன்றாவது உன் மனைவி போட்டதா?" என்றார் ராஜா.

"இல்லை, மகாராஜா. அவள் கீழவீதிக்குப் போடுவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அது நான் போட்டது. அதையும் கொஞ்சம் தயங்கித்தான் போட்டேன்."

ராஜா சிம்மாசனத்தில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் திருமேனிக்குப் போட்டார்.