நாலு விரல் இடைவெளி

கவுண்டம்பாளையத்தில் கார்ச் சக்கரங்களைச் சீர்செய்யும் கலாமணியிடம் திருமூர்த்தி சீடராக வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்தாறு.

கலாமணி பத்து வருடம் பந்தயக் கார்களுக்குச் சக்கரம் மாற்றியவர். திருமூர்த்தி இருபத்தாறு வருடம் ஒரு ஜவுளிக்கடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் பொம்மைகளுக்குப் புடவை கட்டியவர். கடை கைமாறியதும் புது முதலாளி பொம்மைகளை எடுத்துவிட்டு விளம்பரம் ஓடும் டி.வி. திரையை மாட்டினார். வீட்டில் இரண்டு மாதம் சும்மா இருந்த திருமூர்த்தி ஒரு நாள் மனைவியிடம், "சின்னதிலிருந்து காருன்னா உசுரு. இப்பவாச்சும் தொட்டுப் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு நேராக இங்கே வந்துவிட்டார்.

அவர் குருவை 'மாஸ்டர்' என்பார். குரு அவரை 'அண்ணா' என்பார். இருவருக்கும் அதில் கூச்சம் இருக்கவில்லை.

தஸ்தகீர் தன் காரைக் கொண்டுவந்தது ஒரு ஜூன் மாதம். அமெரிக்க மசில் கார். நீண்ட முன்பக்கம், தாழ்ந்த கூரை, ரத்தச் சிவப்பு. கிளப்பினால் பட்டறையின் தகரக்கூரை அதிரும். ஆனால் சக்கரத்துக்கும் அதற்கு மேலே வளைந்திருக்கும் தகட்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. அதைப் பார்த்ததும் திருமூர்த்திக்கு, புடவைக் கொசுவம் கணுக்காலுக்கு மேலே ஏறிக் கிடப்பதைப் பார்ப்பது போல இருந்தது.

"அந்த எடம் காலியாத் தெரியுதுங்க. இன்னும் உசரமான டயர் போட்டா அப்படியே நெறஞ்சு அம்சமா இருக்கும்" என்றார்.

தஸ்தகீரின் முகம் மலர்ந்தது. "என் மனசுல இருந்ததச் சொல்லிட்டீங்கண்ணா!"

கலாமணி காரைச் சுற்றி வந்தார். "வாங்கிட்டு வாங்க. மாட்டி, ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் உயரமான டயர் பூட்டிய நான்கு சக்கரங்களோடு தஸ்தகீர் காலையிலேயே வந்துவிட்டார். கலாமணி உதிரி பாகம் வாங்க உக்கடம் போயிருந்தார்.

"மாஸ்டர் வரட்டுமுங்க" என்றார் திருமூர்த்தி.

"இன்னிக்குக் குன்னூர் போறோம்ணா. குழந்தைங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன். சக்கரம் மாத்தறதுதானே, உங்களுக்குத் தெரியாததா?"

அந்தக் கடைசி வார்த்தை திருமூர்த்தியின் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மாட்டினார். காரைத் தரையில் இறக்கி நிறுத்தி, டயருக்கு மேலே விரல்களை நுழைத்துப் பார்த்தார். நாலு விரல் தாராளமாகப் போயிற்று. பத்தடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார். அவர் கட்டிய எந்தப் பொம்மையும் அத்தனை கச்சிதமாக நின்றதில்லை.

தஸ்தகீரின் மனைவி நஸ்ரின் முன்னால் ஏறினார். பின்னால் இரண்டு பெண் குழந்தைகள், அவர்களுக்கு நடுவே பைகள். சின்னவளுக்கு சீட் பெல்ட் மாட்டிவிட்டதே திருமூர்த்திதான். தெருமுனை திரும்பும் வரை அவள் கையாட்டிக்கொண்டே போனாள்.

கலாமணி வந்தபோது பழைய சக்கரங்கள் நான்கும் சுவரில் சாய்ந்திருந்தன. ஒரு கணம் பார்த்தார்.

"மாட்டி அனுப்பிட்டீங்களாங்ணா?"

"ஆமாங்க மாஸ்டர். நாலு விரல் எடம் விட்டுத்தானுங்க நின்னுச்சு."

"ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுப் பார்த்தீங்களா?"

"இல்லீங்க."

"ஆள் ஏறுனதுக்கு அப்புறம் விரல் வச்சுப் பார்த்தீங்களா?"

இல்லை என்று திருமூர்த்தி தலையாட்டினார்.

"எங்க போறாங்க?"

"குன்னூர்."

மேட்டுப்பாளையம் தாண்டினால் மலை. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத்தான் திருப்ப வேண்டும். திருமூர்த்தி தஸ்தகீரின் எண்ணை அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது.

கலாமணி அதற்குள் இரண்டு சக்கரங்களைக் குட்டியானை சரக்கு வண்டியில் ஏற்றியிருந்தார். மற்ற இரண்டையும் திருமூர்த்தி உருட்டிவந்து ஏற்றினார். ஜாக்கியையும் ஸ்பேனர்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

காரமடை வரைக்கும் கலாமணி வண்டியை விரட்டிக்கொண்டே வந்தார். கலாமணி திட்டியிருந்தால்கூடத் திருமூர்த்திக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். பெல்ட்டின் கொக்கி 'க்ளிக்' என்று விழுந்த சத்தம் அவர் காதிலேயே இருந்தது.

"அழகு பார்க்கறது தப்புங்களா மாஸ்டர்?" என்று கேட்டார்.

கலாமணி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு பக்கமும் பார்த்துட்டே வாங்கண்ணா. செவப்பு வண்டி."

மேட்டுப்பாளையத்துச் சிற்றுண்டிக் கடை வாசல்களில் இல்லை. கல்லாறில் இல்லை. மலை ஏறத் தொடங்கியதும் திருமூர்த்தி வண்டிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தடுப்புச் சுவர்களைப் பார்க்கத் தொடங்கினார். எங்காவது உடைந்திருக்கிறதா, எங்காவது கூட்டம் நிற்கிறதா என்று. ஒவ்வொரு வளைவும் முழுசாக வந்து முடிந்த பிறகுதான் மூச்சு விட்டார்.

பர்லியாறில் பழக்கடைகளின் எதிரே சிவப்பு கார் நின்றுகொண்டிருந்தது.

நான்கு சக்கரத்திலும் நேராக நின்றது. இரண்டு குழந்தைகளும் கல்லில் உட்கார்ந்து மங்குஸ்தான் பழத்தைப் பிளந்து தின்றுகொண்டிருந்தார்கள். வாயெல்லாம் சாயம்.

குட்டியானை நிற்பதற்கு முன்பே திருமூர்த்தி இறங்கிவிட்டார். இரண்டடி நடந்தார். குழந்தைகளுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சின்னவள் அவரை உற்றுப் பார்த்துவிட்டு ஒரு சுளையை நீட்டினாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் நீர் வந்தது. சிரிப்பும் வந்தது.

"நீங்க எங்க இங்க?" என்று தஸ்தகீர் திகைத்தார். கலாமணி குனிந்து முன்சக்கரத்துக்குள் டார்ச் அடித்தார்.

"வரும்போது ஏதாச்சும் வாசம் வந்துச்சுங்களா?"

"ரப்பர் கருகற வாசம் வருதுன்னு நான் அப்பவே சொன்னேனுங்க" என்றார் நஸ்ரின். "வேற வண்டியா இருக்கும்னு இவர் ரெண்டு வளைவு ஏத்திட்டார். புள்ளைங்க பழக்கடையப் பார்த்துக் கத்துனதுனால நின்னோம்."

டயர் உரசி உரசி உள்ளே இருந்த பிளாஸ்டிக் மறைப்பு கிழிந்திருந்தது. அதற்குப் பின்னாலிருந்த ஒரு திருகாணியின் முனை டயரில் விரல் நீளத்துக்குக் கோடு கிழித்திருந்தது.

"டயருக்குள்ள இருக்கற நூல் வரைக்கும் கிழியல. டயர் தாங்கிருச்சு" என்றார் கலாமணி.

"இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா?" என்று தஸ்தகீர் மெதுவாகக் கேட்டார்.

"இங்கயே நின்னுட்டீங்க. அது போதும்."

திருமூர்த்தி எழுந்து வந்தார். "தப்பு என்னுதுங்க. மாஸ்டர் இருந்திருந்தா பார்க்காம அனுப்பியிருக்க மாட்டாங்க."

"அவசரப்படுத்துனது நானுங்கண்ணா" என்றார் தஸ்தகீர். அவர் கண் கார்மேல் இல்லை, குழந்தைகள்மேல் இருந்தது.

கலாமணி எல்லோரையும் காரில் ஏறச் சொன்னார். அதற்கு முன், "அண்ணா, காலைல வச்ச மாதிரியே கையை வைங்க" என்றார்.

திருமூர்த்தி குத்தவைத்து உட்கார்ந்து டயருக்கு மேலே கையை நுழைத்தார். நாலு விரல். நஸ்ரின் ஏறினார். குழந்தைகள் பின்னால் ஏறினார்கள். பைகள் ஏறின. தஸ்தகீர் கடைசியாக வந்து உட்கார்ந்தார். கார் மெல்ல, மூச்சு விடுவது போலத் தணிந்தது. நாலாவது விரலைத் திருமூர்த்தி தானாகவே வெளியே எடுத்தார். பிறகு மூன்றாவதையும்.

"இப்ப கைய டயருக்குப் பின்னால, தகட்டு வளைவோட ஓரத்துல வைங்க. தஸ்தகீர், மெதுவா ஒடிங்க. இன்னும். இன்னும்."

டயரின் பக்க விளிம்பு திரும்பித் திரும்பி அவர் விரலை நோக்கி வந்தது. சூடான ரப்பர் விரல்நுனியைத் தொட்டது.

"எடுங்கண்ணா."

எடுத்தார். அதே இடத்தில் டயர் போய் 'கிரீச்' என்று முட்டி நின்றது. கார் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. சாலை சமமாக இருந்தது. குழிகூட இல்லை.

திருமூர்த்தி விரல்நுனியில் ஒட்டிய கறுப்பைத் துடைத்துவிட்டு ஸ்பேனரை எடுக்கப் போனார்.

பிறகு ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றிப் பழையதை மாட்டினார்கள். நட்டுகள் அத்தனையையும் அவரே முறுக்கினார். கலாமணி ஒன்றைக்கூட மறுபடி முறுக்கிப் பார்க்கவில்லை. கிழிந்த மறைப்பை வெட்டிக் கட்டினார். தஸ்தகீரைத் தனியாக ஒரு வளைவு ஏறி இறங்கி வரச் சொன்னார். சத்தமில்லை, வாசமுமில்லை. அதற்குப் பிறகுதான் குழந்தைகளை ஏறவிட்டார்.

சின்னவளுக்குப் பெல்ட் மாட்ட மறுபடியும் திருமூர்த்தியே போனார். கொக்கி 'க்ளிக்' என்று விழுந்ததும் ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.

கார் உறுமிக்கொண்டு சாலையில் ஏறியது. இருவரும் குட்டியானையில் சாய்ந்து நின்று பார்த்தார்கள்.

"மாஸ்டர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கண்ணா."

"இத்தனை ஆனதுக்கு அப்புறமும், அந்தக் காலி எடம் கண்ண உறுத்துதுங்க."

கலாமணி சிரித்தார். காலையிலிருந்து இப்போதுதான். "எனக்குந்தானுங்ணா. அந்த டயர்ல வண்டி அழகாத்தான் இருந்துச்சு."

திருமூர்த்தி அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "அப்புறம்?"

"அதோ, பாருங்க."

வளைவுக்கு முன்னால் மழைநீர் அரித்த ஒரு பள்ளம். சிவப்புக் காரின் முன்சக்கரம் அதில் இறங்கி எழும்போது வண்டியின் உடல் தணிந்தது. சக்கரம் மேலே ஏறித் தகட்டு வளைவுக்குள் போய்ப் பொருந்தியது. ஒரு நொடி. திருமூர்த்தி நினைத்திருந்த அதே கச்சிதம். பிறகு சக்கரம் கீழே இறங்கியது. கார் வளைவில் திரும்பி மறைந்தது. பின்கண்ணாடியில் ஒரு சின்னக் கை ஆடிக்கொண்டே போயிற்று.

"பார்த்தீங்களாங்ணா?"

"பார்த்தேனுங்க. நெறஞ்சுதுங்க மாஸ்டர்! ஒரு நொடி அப்படியே நெறஞ்சுது."

"காலியா இருந்ததனாலதானுங்ணா நெறஞ்சுது."