கருவாயனின் வெள்ளித் தட்டு

ராசாக்களுக்கு மீசையைவிட ரோசம் நீளமாக இருந்த காலம் அது, பிள்ளைகளா. தட்டைத் தள்ளி வைக்காமல் கேளுங்கள். இது சோற்றுக் கதைதான்.

குன்றுகளுக்கு நடுவே ஒரு சின்ன நாடு. அந்த நாட்டு ராசாவின் பெயர் வெண்கோடன். அவருக்கு ஒரு நாய். பெயர் கருவாயன். உடம்பெல்லாம் செவலை, வாய் மட்டும் அடுப்புக்கரி பூசியதுபோல் கறுப்பு.

ஒருமுறை வேட்டையில் காட்டுப்பன்றி ராசா மேல் பாய்ந்தது. கருவாயன் குறுக்கே விழுந்து, பன்றியின் காதைக் கவ்விக்கொண்டு தொங்கியது. ராசா பிழைத்தார். பிழைத்த கையோடு ஒரு சபதமும் செய்தார்.

"இனி கருவாயன் தன் தட்டைக் காலி செய்த பிறகுதான் நான் சோற்றில் கை வைப்பேன்!"

அந்த அரண்மனையில் ஏற்கெனவே ஒரு வழக்கம் உண்டு. ராசா சாப்பிடாமல் வேறு யாரும் சாப்பிடக் கூடாது. இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நாய் தின்றால் சங்கு ஊதும். சங்கு ஊதினால் ராசா சாப்பிடுவார். ராசா சாப்பிட்டால் மந்திரி முதல் மாட்டுக்காரன் வரை எல்லாரும் சாப்பிடலாம். நாய் தின்னாவிட்டால்?

முதலில் அந்தக் கவலையே வரவில்லை. சமையல்காரி வெள்ளச்சி, சாமைச் சோற்றை எலும்புச் சாற்றில் பிசைந்து வெள்ளித் தட்டில் வைப்பாள். கருவாயன் மூன்றே வாயில் முடித்துவிட்டுத் தட்டையும் உருட்டிக்கொண்டு போகும்.

ஒரு கோடை நாளில் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. அந்த வெயிலில் நமக்கே சோறு இறங்காது, நாய்க்கு இறங்குமா? சும்மா விட்டிருந்தால் சாயங்காலம் தானே தின்றிருக்கும். வெள்ளச்சியா விடுவாள்? பதறிப்போய் நெய்யை ஊற்றினாள். தின்றது.

மறுநாள் நெய்ச்சோற்றையும் தொடவில்லை. ஆட்டு ஈரலைப் போட்டாள். தின்றது.

அதற்கு மறுநாள் ஈரலையும் தொடவில்லை. தேனைத் தடவினாள். தின்றது.

மூக்கைத் திருப்பினால் முன்னைவிட நல்லது வரும் என்று கருவாயன் கற்றுக்கொண்டது. தேனுக்கு மேல் என்ன செய்வது என்று வெள்ளச்சிக்குத்தான் தெரியவில்லை.

அப்புறம் கருவாயன் தேனையும் தொடவில்லை. வந்தது பாருங்கள் அரண்மனைக்குப் பஞ்சம்! பொழுது சாயும், சங்கு ஊதாது. சோறு ஆறும், சங்கு ஊதாது. சபையில் பக்கத்து நாட்டுத் தூதர் பேசிக்கொண்டிருக்கும்போது மந்திரியின் வயிறு உறுமியது. போர் முரசு என்று நினைத்துத் தூதர் எழுந்தே நின்றுவிட்டார்.

வைத்தியர் வந்து கருவாயனின் பல்லைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"நோய் ஒன்றும் இல்லை ராசா. வயிறுதான் கொஞ்சம் பெருத்திருக்கிறது."

தின்னாத நாய்க்கு வயிறு எப்படிப் பெருக்கும் என்று கேட்கும் அளவுக்கு அங்கே யாருக்கும் தெம்பு இல்லை. ராசாவின் பசி கோபமாக மாறி வெள்ளச்சியின் தலையில் விழுந்தது.

"நோய் இல்லையென்றால் சமையலில்தான் கோளாறு! நாளை மத்தியானத்துக்குள் கருவாயன் தட்டைக் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் நீ கரண்டியை வைத்துவிட்டு நாட்டைவிட்டே போய்விடு!"

வெள்ளச்சிக்கு இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என இரண்டு குழந்தைகள். போக வேறு ஊரும் கிடையாது. கருவாயன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"ஏன்டா, என் கைப்பக்குவத்துக்கு என்னடா குறைச்சல்? எனக்கு ஒரு வழி சொல்லேன்டா!"

கருவாயன் எழுந்தது. சோம்பல் முறித்தது. எங்கேயோ கிளம்பியது. வெள்ளச்சியும் கரண்டியும் கையுமாகப் பின்னாலேயே போனாள்.

அது முதலில் வாசலுக்குப் போனது. காவல்காரன் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுத் தினைமா உருண்டையை நீட்டினான். "ஒரே ஒரு வாய். யாரிடமும் சொல்லாதே செல்லம். ருசி கண்டாலாவது தட்டில் வாய் வைப்பாய்."

அடுத்து மந்திரி வீட்டுக்குப் போனது. மந்திரி இடுப்பு மடிப்பிலிருந்து அதிரசத்தை எடுத்தார். "ஒரே ஒரு வாய். யாரிடமும் சொல்லாதே அப்பா."

அதற்கடுத்து அந்தப்புரம். ராணி பால்சோற்றை உருட்டினாள். "ஒரே ஒரு வாய். யாரிடமும் சொல்லாதே கண்ணு."

கடைசியாக ராசாவின் தோட்டத்துக்குள் நுழைந்தது. அங்கே வெள்ளச்சி போக முடியாது. கருவாயன் உதட்டை நக்கிக்கொண்டே திரும்பி வந்தது. உள்ளே இருந்தது யார் என்று வெள்ளச்சி யோசித்தாள். யோசித்ததை வெளியே சொல்லவில்லை.

நேரே ராசாவிடம் போய் நின்றாள். "நாளை மத்தியானம்வரை கருவாயன் என்னோடு இருக்கட்டும் ராசா. தட்டைச் சபைக்கே கொண்டு வருகிறேன்."

கருவாயனைச் சமையல்கட்டிலேயே கட்டிப் போட்டாள். குடிக்கத் தண்ணீர் வைத்தாள். காலையில் சாமைச் சோற்றை வைத்தாள். வழக்கம்போல மூக்கைத் திருப்பியது. "வேண்டாமா? சரி" என்று தட்டை எடுத்துவிட்டாள். நெய்யும் வரவில்லை, தேனும் வரவில்லை, கெஞ்சலும் வரவில்லை. கருவாயன் அசந்துபோய்விட்டது.

மத்தியானம் வந்தது. சபை நிறைந்திருந்தது. வெள்ளச்சி தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கயிற்றை மட்டும் அவிழ்த்துவிட்டாள்.

கருவாயன் ஓடிப்போய்க் காவல்காரன் முன்னால் உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கி நீட்டியது. காவல்காரன் மேல்கூரை உத்தரங்களை எண்ணத் தொடங்கினான்.

மந்திரியிடம் போய் இடுப்பு மடிப்பில் மூக்கை நுழைத்தது. அதிரசம் ஒன்று விழுந்து சபை நடுவே உருண்டது.

ராணியின் முந்தானையைப் பிடித்து இழுத்தது. "எனக்கு ஒன்றும் தெரியாது!" என்றாள் ராணி, யாரும் கேட்காமலே.

பிறகு ஒரே தாவு. ராசாவின் மடியில் ஏறி, இரண்டு முன்னங்கால்களாலும் தலைப்பாகையைத் தட்டியது. தலைப்பாகை சாய்ந்தது. உள்ளேயிருந்து வறுத்த காடைக்கால் ஒன்று விழுந்தது.

சபை மொத்தமும் எட்டிப் பார்த்தது.

"அது... பறவை தானாகத்தான் வந்து உட்கார்ந்தது" என்றார் ராசா.

"வறுத்த பிறகா, ராசா?" என்று கேட்டாள் வெள்ளச்சி.

மந்திரி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். வெள்ளச்சி காடைக்காலையும் அதிரசத்தையும் சட்டென்று பொறுக்கி எடுத்துக்கொண்டாள். தட்டைத் தரையில் வைத்தாள்.

"இப்போது எல்லாரும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்."

கருவாயன் சோற்றை முகர்ந்தது. முகத்தைத் திருப்பியது. ஒற்றைக் கண்ணால் ராசாவைப் பார்த்தது. அந்தப் பார்வைக்குக் கல்லும் இளகும். ராசாவின் கை மெல்ல நீண்டது.

"ராசா, கை!" என்று அதட்டினாள் வெள்ளச்சி. சமையல்காரி அதட்டி ராசா கையை மடக்கியது அந்த நாட்டில் அதுதான் முதல் தடவை.

கருவாயன் காவல்காரனைப் பார்த்தது, மந்திரியைப் பார்த்தது, ராணியைப் பார்த்தது. ஒரு கையும் அசையவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டுத் தட்டில் வாயை வைத்தது. மூன்றே வாய்! தட்டு கடகடவென்று உருண்டது.

சங்கு ஊதியது. அன்றைக்கு அரண்மனை சாப்பிட்ட சாப்பாட்டில் அண்டாவின் அடியே தெரிந்தது.

"உன்னை நாட்டைவிட்டு அனுப்பப் பார்த்தேனே வெள்ளச்சி. என் கைக்கல்லவா விலங்கு போட்டிருக்க வேண்டும்" என்றார் ராசா.

"என் கைக்கும்தான் ராசா. முதல் நாள் நெய்யை ஊற்றியவள் நான்தானே."

அன்றே சபதத்தையும் திருத்தினார்கள். கருவாயனுக்குத் தட்டு வைப்பார்கள், கொஞ்ச நேரம் கழித்து எடுத்துவிடுவார்கள், தின்றாலும் தின்னாவிட்டாலும் சங்கு ஊதும். அதன் பிறகு கருவாயன் ஒரு பருக்கையும் மிச்சம் வைத்ததில்லை. ராசாவும் தலைப்பாகையில் தலையைத் தவிர வேறு எதையும் வைத்ததில்லை.

ஆகையால் பிள்ளைகளா, பிகு செய்யும்போதெல்லாம் இன்னும் ருசியானதை நீட்டினால் நாயிடமும் பிள்ளையிடமும் பிகுதான் வளரும், வேளைக்கு ஒரு தட்டு வைத்துவிட்டுப் பசிக்கக் காத்திருப்பதே நல்ல அன்பு.