பெயர் எழுதும் கட்டம்

ஒரு நாட்டில் ஒரு சட்டம் இருந்தாள். நல்ல மனசுக்காரி. வேலித் தகராறு, கோழித் திருட்டு, அடிதடி, கொலை, எது வந்தாலும் பொறுமையாக விசாரிப்பாள். ஆனால் நாட்டின் எல்லையில் ஓடும் ஆற்றைத் தாண்டி அவள் எட்டிப் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் காலையில், பாதி எரிந்த தூளிச் சேலை ஒன்று அவள் மேசைக்கு வந்து முறையிட்டது.

“அக்கா, அக்கரையில எங்க ஊரையே கொளுத்திட்டாங்க. நான் தூங்கவெச்ச பிள்ளையும் போயிடுச்சு. கொளுத்தச் சொன்ன வீரபாகு இப்போ உங்க நாட்டுல வீடு கட்டி சுகமா இருக்கான். அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கக்கா.”

மேசையிலிருந்த ரப்பர் சீல் எகிறியது. “அக்கரை விஷயம்னா அக்கரைச் சட்டத்துக்கிட்ட போ.”

“அவதானே அவனுக்குத் தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தா!”

சீல் மனுத்தாளைச் சேலையின் பக்கம் தள்ளியது. “செத்தவங்க பேரை இந்தக் கட்டத்துல எழுது.”

“பேர் வைக்கலைங்க. முப்பதாம் நாள் வைக்கிறதா இருந்தாங்க. அதுக்குள்ள...”

“பேர் இல்லாம மனு வாங்க முடியாது.”

சட்டம் தலை குனிந்தாள். “என்கிட்ட இதுக்கு ஒரு பிரிவும் இல்லையே, தங்கச்சி.”

சேலை தன்னைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியது.

அந்த நேரம் பார்த்து வீரபாகுவே உள்ளே வந்தான். அவன் வீட்டுக் கோழியைக் காணோமாம்.

“முட்டை வெக்கிற கோழிங்க! எடுத்தவனைச் சும்மா விடக் கூடாது!”

சீல் அவன் மனுவில் டக்கென்று குத்தியது. சட்டம் அந்த மனுவைப் பார்த்தாள். இவன் கோழிக்கு நான் இருக்கிறேன். இவன் கொன்ற பிள்ளைக்கு இல்லையா?

“தங்கச்சி, போகாதே. இப்படி உட்காரு” என்றாள். தன் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்துத் தைத்தாள். ஊரோடு மனிதரை அழித்தவன் எந்தக் கரையில் அழித்திருந்தாலும், இங்கே வந்தால் இங்கேயே கூண்டில் ஏற வேண்டும் என்று அதில் எழுதினாள்.

வீரபாகு சிரித்தான். “நான் செஞ்சப்போ இந்தத் தாள் இல்லையே!”

“‘செஞ்சப்போ’ங்கிறாரு, குறிச்சுக்குங்கக்கா” என்றது சீல்.

சட்டம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “பச்சப் பிள்ளையைக் கொளுத்தக் கூடாதுன்னு தாள்ல எழுதி வெச்சாத்தான் உனக்குத் தெரியுமா?”

அவன் சிரிப்பு நின்றது.

சீல் மெதுவாகக் கேட்டது. “அக்கா, அந்தப் பேர் கட்டம் காலியா இருக்கே?”

சட்டம் சேலையின் கரிந்த ஓரத்தை ஒரு கையால் தடவியபடியே எழுதினாள்:

‘நம்ம பிள்ளை.’