நிலவுக்குக் கட்டிய சிவப்புக் கயிறு

முன்னொரு காலத்தில், நிலவை ஒற்றன் என்று சந்தேகப்பட்ட ஒரு மன்னர் இருந்தார். வீரகேது என்று பெயர். நல்ல மனிதர்தான். ஆனால் நம்பிக்கை என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. அவருடைய சாப்பாட்டை ருசி பார்க்க ஒருவன் இருந்தான். அவன் ஒழுங்காக ருசி பார்த்தானா என்று பார்க்க இன்னொருவன் இருந்தான்.

ஒரு நாள் சபை கூடியதும் மன்னர் ஆரம்பித்தார். "நான் பல்லக்கில் எந்த ஊருக்குப் போனாலும் அந்த நிலவு கூடவே வருகிறது. நான் நின்றால் அதுவும் நிற்கிறது. அது யாருடைய ஆள்? யாராவது மேலே போய் விசாரித்து வர வேண்டும். செலவைக் கஜானா பார்த்துக்கொள்ளும்."

கஜானா என்ற சொல் காதில் விழுந்ததும், தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஜோசியர் ஒரு பெரிய யாகம் செய்தால் நிலவே இறங்கி வந்து பதில் சொல்லும் என்றார். தளவாய் கோட்டைச் சுவரை இன்னும் உயர்த்திக்கொண்டே போகலாம் என்றார். அவருடைய தம்பிதான் செங்கல் சூளை வைத்திருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அரண்மனை விகடகவி தாண்டவராயன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தூண் ஓரமாக நின்றான். மற்றவர்களைச் சிரிக்க வைப்பது அவன் பிழைப்பு. ஆனால் மன்னருக்கு அடுத்தபடியாக அந்தச் சபையில் அதிகம் சந்தேகப்படுகிற ஆள் அவன்தான். கொஞ்ச நாள் அரண்மனைச் சோறு தின்று பார்த்தால் நமக்கும் அந்தக் குணம் வந்துவிடும்.

"அரசே, அந்த வேலையை ஏற்கெனவே சிலர் செய்துகொண்டிருக்கிறார்கள்" என்றான் தாண்டவராயன். "கிழக்கு வாசலுக்கு வெளியே பாழடைந்து கிடக்கும் யானைக் கொட்டாரத்தில் ஊர்க்காரர்கள் கூடுகிறார்கள். கொல்லன் இருக்கிறான், குயவன் இருக்கிறான், கூடை முடைகிறவர்கள் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு வாணம் செய்கிற உலகாயி இருக்கிறாள். யாரும் எஜமான் இல்லை. அவரவர் கருவியைக் கொண்டுவந்து பொதுவில் போட்டுவிட்டு, எல்லோரும் சேர்ந்து வாணம் கட்டி மேலே விடுகிறார்கள். முன்பெல்லாம் கோபுரத்தைத் தாண்டிப் போயிற்று. இப்போது பருந்தைத் தாண்டிப் போகிறது."

"கூலி யார் தருகிறார்கள்?"

"ஒருவரும் தருவதில்லை, அரசே."

"பிறகு எதற்காகச் செய்கிறார்கள்?"

"மேலே போய்ப் பார்க்க ஆசை."

மன்னர் கண்ணைச் சுருக்கினார். "கூலி வாங்காமல் வேலை செய்கிறவர்களை நம்பவே கூடாது. இதில் ஏதோ இருக்கிறது."

அப்போது மூத்த அமைச்சரான பிரதானி வில்வநாதர் எழுந்தார். தாண்டவராயனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அரண்மனைக்கு வாணமும் வெடியும் விற்பது அவருடைய மைத்துனன். கொட்டாரத்து வாணம் பேர் வாங்க ஆரம்பித்ததிலிருந்து அந்த மைத்துனன் வீட்டில் பொருமிக்கொண்டிருந்தான். ஆகவே பிரதானி இப்போது அவர்களைக் கரித்துக் கொட்டப் போகிறார் என்று தாண்டவராயன் எதிர்பார்த்தான். ஆனால் பிரதானி கைகூப்பினார்.

"அவர்களுக்கே கஜானாவிலிருந்து கொடுக்கலாம், அரசே. தாராளமாகவே கொடுக்கலாம். தங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். சிவப்புக் கயிற்றை என் கையிலேயே கட்டிவிடுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்."

தாண்டவராயன் பிரதானியின் முகத்தை உற்றுப் பார்த்தான். இந்த மனிதர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருகிறதென்றால் எங்கேயோ குழி வெட்டியிருக்கிறார் என்று அர்த்தம். எங்கே என்றுதான் தெரியவில்லை.

அந்தச் சிவப்புக் கயிறு அந்த நாட்டு வழக்கம். அரண்மனைப் பொருள் எது வெளியே போனாலும் அதில் ஒரு கயிற்றின் ஒரு முனையைக் கட்டுவார்கள். மறு முனை ஓர் அதிகாரியின் மணிக்கட்டில் இருக்கும். பொருள் போகிற இடமெல்லாம் அவரும் போக வேண்டும். மன்னர் கையால்தான் அதை அவிழ்க்க முடியும். ராணியின் ஆடு ஒருமுறை கிணற்றில் விழுந்தபோது, கயிறு கட்டியிருந்த முத்துக்கருப்பப் பிள்ளை பின்னாலேயே குதித்து, பட்டுத் துண்டு பரிசு வாங்கினார். கயிறு அறுந்தால் மட்டும் கதையே வேறு. அறுந்ததற்குக் காரணமானவர்களின் இரண்டு கைகளும் போய்விடும்.

தாண்டவராயன் கொட்டாரத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். உலகாயி கரித்தூளைச் சலித்துக்கொண்டே கேட்டாள்.

"அரமனைப் பணமா? வேணாம் சாமி. எங்ககிட்ட இருக்கிற கரியும் கந்தகமும் போதும்."

"வேண்டாம்னு சொன்னா ராஜா இன்னும் சந்தேகப்படுவார், உலகாயி."

"வாங்கினா?"

"அப்பவும் சந்தேகப்படுவார்தான். ஆனா வெடியுப்பு மூட்டை மூட்டையா வரும்."

சல்லடை நின்றது. வெடியுப்புக்குத்தான் அவர்கள் எல்லோரும் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, இதுலே உங்களுக்கு என்ன வருது?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் வரலையே."

"ஒண்ணும் வராம ஒதவி செய்ய வர்ற ஆளைக் கண்டாத்தான் சாமி எனக்குப் பயம்" என்றாள் அவள். மன்னர் சொன்னதையே இவளும் சொல்கிறாளே என்று தாண்டவராயன் தலையைச் சொறிந்தான்.

மானியம் வந்தது. வெடியுப்பு வந்தது, செப்புத் தகடு வந்தது, நல்ல மூங்கில் வந்தது. கூடவே பிரதானியும் வந்தார். பெரிய வாணத்தின் அடியில் ஒரு முனை, அவர் மணிக்கட்டில் மறு முனை என்று மன்னரே கயிற்றைக் கட்டிவிட்டுப் போனார். பிரதானி குடை பிடிக்க ஓர் ஆள், விசிறி வீச ஓர் ஆள் என்று கொட்டாரத்து நடுவிலேயே முகாம் போட்டார். யார் என்ன பேசினார்கள் என்று கேட்டுவர ஒற்றர்களையும் உள்ளே விட்டார். கொஞ்ச நாளில், பாட்டுப் பாடி வேலை செய்த இடத்தில் பேச்சே நின்றுபோயிற்று. குயவன் தன்னைக் காட்டிக்கொடுப்பதாகக் கொல்லன் நினைத்தான். கொல்லன் உலைக்குள் எதையோ ஒளிப்பதாகக் குயவன் நினைத்தான். பொதுவில் கிடந்த கருவிகளை அவரவர் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். உலகாயிக்கு அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. ஆனாலும் வாணம் வளர்ந்தது. பனைமரத்தில் பாதி உயரம் வந்து நின்றது.

"இனித் தாமதம் எதற்கு? நாளைக் காலையில் விட்டுவிடலாம். மன்னருக்கு நான் சொல்லி அனுப்புகிறேன்" என்று பிரதானி அவசரப்படுத்தினார்.

இவருக்கு ஏன் இவ்வளவு அவசரம்? தாண்டவராயன் வாணத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். வெடிமருந்தைப் பார்த்தான், திரியைப் பார்த்தான். ஒரு கோளாறும் இல்லை. கடைசியில் கயிற்றைப் பார்த்தபோதுதான் அவனுக்கு விளங்கியது. கயிறு ஓர் ஆள் உயரம்கூட இல்லை. வாணம் எழும்பிய மறுகணம் அது அறுந்தே தீரும். வாணம் எழும்பாவிட்டால் ஏமாற்றுக்காரர்கள் என்று கொட்டாரத்தை இடித்துவிடுவார்கள். எழும்பினால் கையை வெட்டுவார்கள். மைத்துனனுக்கு இரண்டும் லாபம்தான்.

அவன் உலகாயியின் கைகளைப் பார்த்தான். மருந்து ஏறி ஏறிக் கறுத்துப்போன கைகள். ஒரு விரலில் நகமே இல்லை. அந்தக் கைகளை மன்னரிடம் இழுத்துவந்தவன் தானே என்று நினைத்தபோது அவனுக்குப் பயமும் வெட்கமும் சேர்ந்து வந்தன. கயிற்றை அவிழ்க்கச் சொல்லி மன்னரிடம் கேட்கலாம். கேட்டால், பொருளோடு ஓடிப்போகத்தான் கேட்கிறார்கள் என்று பிரதானி சொல்வார். மன்னரும் நம்புவார்.

"உலகாயி, நாளைக்கு நான் என்ன கேட்டாலும் ஆமாம் போடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் ஊரே திரண்டு நின்றது. மன்னர் வந்து அமர்ந்தார். பிரதானி தொண்டையைச் செருமினார்.

"அரசே, எதற்கும் ஒரு வார்த்தை நினைவூட்டுகிறேன். கயிறு அறுந்தால்…"

"கை போகும். யாருக்கும் சலுகை இல்லை" என்றார் மன்னர்.

கொல்லனின் முகம் வெளுத்தது. அவனுக்கும் இப்போதுதான் உறைத்தது.

தாண்டவராயன் முன்னால் வந்து வணங்கினான். "அரசே, நல்ல நேரம் தப்பிவிடும். பிரதானியார் இன்னும் கீழேயே நிற்கிறாரே? வாணத்தில் ஏறச் சொல்லுங்கள்."

"நான் ஏன் ஏற வேண்டும்?" என்று பிரதானி சீறினார்.

"பொருள் போகிற இடமெல்லாம் கயிற்றுக்காரர் போக வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கமல்லவா, பிரதானியாரே? ஆட்டோடு முத்துக்கருப்பப் பிள்ளை கிணற்றுக்குள் போனார். வாணத்தோடு நீங்கள் வானத்துக்குப் போகிறீர்கள். கூடப் போனால் கயிறு ஏன் அறுகிறது? மன்னர் விசாரிக்கச் சொன்னதையும் அப்படியே விசாரித்து வந்துவிடலாம். உலகாயி, இதில் உட்கார இடம் உண்டா?"

ஆமாம் போடத்தான் சொல்லியிருந்தான். ஆனால் உலகாயி உள்ளே போய் ஒரு பிரம்பு இருக்கையைத் தூக்கிவந்து, வாணத்தின் பக்கவாட்டுக் கொக்கிகளில் கச்சிதமாக மாட்டினாள். தாண்டவராயனே திகைத்துப்போனான்.

காவலர்கள் பிரதானியைத் தூக்கி வைத்தார்கள். இடுப்பு உள்ளே போகவில்லை. அழுத்தினார்கள். உலகாயி பந்தத்தோடு திரியை நோக்கி நடந்தாள்.

"ஐயோ, அரசே! கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்! மனிதன் எங்கேயாவது வாணத்தில் போவானா?"

மன்னரின் கண் சுருங்கியது. "போக முடியாதென்று தெரிந்தும் நீயேதானே கேட்டுக் கட்டிக்கொண்டாய். ஏன்?"

பந்தம் நெருங்கியது. பிரதானி கதறினார். "அறுந்துவிடும் என்று தெரிந்துதான் கட்டிக்கொண்டேன்! இவர்கள் கை போனால் என் மைத்துனன் பிழைப்பான் என்றுதான் கட்டிக்கொண்டேன்!"

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்து கயிற்றை அவிழ்த்தார். காவலர்கள் பிரதானியைப் பிடுங்கிக் கீழே இறக்கினார்கள். கூட்டமும் சிரித்தது. தாண்டவராயன் பெருமூச்சு விட்டான். ஆனால் மன்னரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"சரி. பிரதானி போக மாட்டான். உங்களில் யார் போவீர்கள்? மேலே போவதாகச் சொல்லித்தானே என் பொருளை வாங்கினீர்கள்? அல்லது நீங்களும் இவனைப்போலத்தானா?"

இதைத் தாண்டவராயன் எதிர்பார்க்கவில்லை.

உலகாயி பந்தத்தைக் கொல்லனிடம் கொடுத்தாள். இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அது அவள் உடம்புக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. பிரம்பு வாரை இடுப்பில் இழுத்துக் கட்டினாள்.

"இது எனக்குன்னு முடைஞ்சது சாமி. இந்த வாணம் பத்தாது, பாதியிலேயே எரிஞ்சு போயிரும். அதான் இன்னிக்கு மாட்டாம வச்சிருந்தேன். இன்னும் பெருசா ஒண்ணு கட்டிட்டுப் போவோம்னு இருந்தோம். மகராசாவுக்குச் சந்தேகம்னா இன்னிக்கே போறேன்." கொல்லனைப் பார்த்தாள். "பத்த வைங்க, அண்ணே."

கொல்லன் பந்தத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். "மாட்டேன் தாயி."

"அப்ப எங்கிட்ட குடுங்க."

அவள் கையை நீட்டினாள். தாண்டவராயன் ஓடிப்போய்த் திரியின்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான். அதில் விகடம் எதுவும் இல்லை.

மன்னர் அவளையே பார்த்தபடி கொல்லன் கையிலிருந்த பந்தத்தை வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார்.

"இறங்கம்மா. கூலி வாங்காத உங்களுக்கு என்னதான் வேண்டியிருக்கும் என்று இத்தனை நாள் தூக்கம் கெட்டு யோசித்தேன். உங்களுக்கு மேலே போகத்தான் ஆசை. வேறொன்றும் இல்லை. நீ போய்த் திரும்பி வருகிற அளவுக்கு வாணம் கட்டும்வரை கஜானா கொடுக்கும். கயிறு வேண்டாம். ஒற்றர்களும் வேண்டாம். கரி இடிக்கப் பிரதானி இங்கேயே இருக்கட்டும்."

இருக்கையைக் கழற்றிவிட்டு வாணத்தை விட்டார்கள். அது சீறிக்கொண்டு போய்க் கண்ணுக்கு மறைந்தது. குயவனும் கொல்லனும் தோளில் கைபோட்டபடி அண்ணாந்து நின்றார்கள். மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயன் கழுத்தில் போட்டார்.

உலகாயி அவனிடம் வந்தாள். "திரி மேலே வந்து உக்காந்தீங்களே, அப்பத்தான் சாமி உங்களை நம்பினேன். அடுத்ததுலே ரெண்டு பேரு உக்கார்ற மாதிரி முடையட்டுமா?"

தாண்டவராயன் பதறிப்போய் மன்னரைப் பார்த்தான். மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"முடையம்மா, முடை! அதற்கும் கஜானாவே கொடுக்கும். இவன் இடுப்பு அளவை இப்போதே எடுத்துக்கொள்!"

அளவு எடுக்க உண்மையாகவே ஆள் வந்தது. மன்னர் விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று தாண்டவராயனால் கடைசிவரைக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை.