டீ ஆறுவதற்குள் ஒரு பம்பர்

பெயிண்டர் மயில்சாமி பொய் சொல்லமாட்டார். அதற்கெல்லாம் அவருக்கு நேரம் இருந்ததில்லை. புளுகுவதற்கே பொழுது சரியாகப் போய்விடும். பொள்ளாச்சியில் கண் ஆசுபத்திரி இருக்கிற ரோட்டில், பேக்கரியை ஒட்டின தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. அடிபட்ட கார்களுக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பார். வேலை நன்றாக இருக்கும். அந்த வேலை முடிகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் பாடு.

சிவகுரு அங்கே வந்தது வேறு போக்கிடம் இல்லாமல். மாமனார் காளியண்ணனுக்கு முந்தின நாள்தான் கண்புரை ஆபரேஷன் நடந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து மாமனாரின் கார் சாவியை சிவகுரு தொட்டதில்லை. கண் மங்கின பிறகும் அவர் சம்பளத்துக்கு டிரைவர் வைத்தாரே தவிர மாப்பிள்ளையிடம் கொடுக்கவில்லை. நேற்று ஆசுபத்திரி வாசலில் இறக்கிவிட்டு டிரைவர் அவசரமாக ஊருக்குப் போய்விட்டதால், மாமனார் வேட்டி மடிப்பிலிருந்து சாவியை எடுத்து, “நேரா ஊட்டுக்குக் கொண்டு போயி நிறுத்திருங்க மாப்ள” என்று கையில் கொடுத்தார். சிவகுருவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணோடு நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒரு சிநேகிதனிடம் காட்டிவிட்டுப் போகலாமென்று சந்துக்குள் திருப்பினான். சிநேகிதன் வீட்டு கேட் தூண் பம்பரை முழங்கை நீளத்துக்குக் கீறிவிட்டது.

வீட்டிலேயே சரிபண்ணப் பார்த்தான். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் மறையும் என்று போன் வீடியோவில் ஒருவர் செய்து காட்டியிருந்தார். அவருக்கு மறைந்தது. சிவகுருவுக்குக் கீறலோடு சேர்ந்து ஒரு மங்கலும் வந்தது. இன்றைக்கு மதியம் மாமனாரை அழைத்துப்போக வேண்டும். அதுவும் புதுக் கண்ணோடு வருகிற மாமனாரை. கீறலைப் பார்த்துவிட்டால் சாவி திரும்ப மடிப்புக்குள் போய்விடும், பிறகு இந்த ஜென்மத்தில் வெளியே வராது.

மயில்சாமி குனிந்து பம்பரை முகர்ந்து பார்த்தார்.

“பல்லு வெளக்கி உட்டீங்களா தம்பி?”

“ஆமாங்க.”

“கொப்புளிக்க வெச்சீங்களா?”

பேக்கரி பெஞ்சில் பேப்பரோடு உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து சிரித்தார். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். காலையில் வந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். மயில்சாமி சொல்லுகிற எதையும் நம்புவதில்லை என்பது அவருடைய கொள்கை.

“என்ன கலருங்க?” என்றார் மயில்சாமி.

“சந்தனக் கலர்.”

“வெள்ளைதானுங்களே தம்பி நிக்குது?” என்றார் நாச்சிமுத்து.

சிவகுரு சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “வெள்ளைதானுங்க. வாங்கறப்ப மாமா இதைக் காட்டி, இந்தச் சந்தனக் கலரே இருக்கட்டும்னு சொல்லிட்டாருங்க. அவுரு கண்ணுக்கு அப்பிடித் தெரிஞ்சிருக்குது. எதுத்துப் பேசற வழக்கம் எங்க ஊட்டுல இல்லீங்க. எல்லாரும் ஆமாங்கன்னுட்டோம். அதுலருந்து எங்க ஊட்டுல இது சந்தனக் கலருங்க.”

மயில்சாமி இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. பேக்கரியிலிருந்து ஒரு டீ வாங்கிக் கம்ப்ரசர் மேல் வைத்தார். “இந்த டீ ஆறறதுக்குள்ள முடிச்சுத் தர்றனுங்க” என்று சொல்லி, தண்ணீரில் நனைத்த உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

“எல்லாரும் கீறலை அழிக்கோணும்னு பாப்பாங்க தம்பி. அது கத்துக்குட்டி வேலை. நான் அழிக்கறதே இல்லீங்க. இப்பிடி மெதுவா ஓரத்துக்குத் தள்ளிட்டுப் போயி, கீழ எறக்கி உட்டுருவேன்.”

“எறக்குனா எங்கீடா போவும்?” என்றார் நாச்சிமுத்து.

மயில்சாமியின் கை நின்றுவிட்டது. எழுந்து போய்ப் பட்டறையின் சிமெண்டுத் தரையில் வாசல்வரை ஓடின ஒரு வெடிப்பைக் காலால் காட்டினார். “இந்தா கெடக்குதுங்களே. ஒரு டாக்டரம்மா காருது. எறக்கறப்ப கை நழுவிருச்சு. இன்னும் மழைக் காலத்துல ரவ நீளுது.”

சிவகுரு கடிகாரத்தைப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. யாராவது சந்தேகப்பட்டால் மயில்சாமியின் கை நின்றுவிடுகிறது. நம்பினால் நகர்கிறது. எனவே நம்புவதென்று முடிவு செய்தான். ‘ஆமாங்க’ சொல்வதில் அவன் வீட்டில் எல்லோருக்கும் நல்ல பழக்கம் உண்டு.

“ஆமாங்க, பாத்தாலே தெரியுதுங்க. டாக்டரம்மா கீறல்தான்” என்றான். உப்புத்தாள் மறுபடி நகர்ந்தது.

பட்டி வைத்துக் காயவிட்டு, டப்பாவில் பெயிண்டைக் கலக்கும்போது கலர் சேர்க்கிற கதை வந்தது. “ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரருங்க. பச்சைக் காரு. தென்னமட்டைப் பச்சை வேணும்னாரு. சேத்துக் குடுத்தேன். கொண்டு போயி தோப்புக்குள்ள நிறுத்துனாரு. அவ்வளவுதான். இன்னைக்கு வரைக்கும் வண்டி கண்ணுல ஆம்படலீங்க.”

“தொலைஞ்சுதா?” என்றார் நாச்சிமுத்து.

“எங்க தொலையும்? தோப்புக்குள்ளதான் இருக்குது. வாரா வாரம் போயி சாவில இருக்கற பட்டனை அமுத்துவாருங்க. கீக்குன்னு சத்தம் வரும். சரி, வண்டி பத்திரமாத்தான் இருக்குதுன்னு பஸ் ஏறி ஊட்டுக்கு வந்துருவாரு.”

“நான் அந்த ரூட்டுல எத்தனையோ வருசம் பஸ் ஓட்டியிருக்கறேன். அப்பிடி ஒரு ஆளு ஏறுனதே இல்ல.”

கை நின்றது. “அவருக்கும் ஒரு சட்டை தெச்சுக் குடுத்தாங்க அண்ணா, அதே கலர்ல” என்றார் மயில்சாமி.

“அதானுங்க, ஆளு தெரிஞ்சிருக்காது” என்று சிவகுரு அவசரமாக ஆமோதித்தான். நாச்சிமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். படித்த பையன், தென்னை நார் மில்லில் நல்ல வேலையில் இருக்கிறவன், இப்படிக் கெட்டுப்போனானே என்று அவருக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும்.

கம்ப்ரசர் மேலிருந்த டீயில் ஆடை படிந்திருந்தது. மயில்சாமி அதை எடுத்துக் கொட்டிவிட்டு வேறொன்று வாங்கி வைத்தார். “இது ஆறறதுக்குள்ள” என்றார். பிரைமர் அடித்தார். வெயிலில் காயவைத்துப் பெயிண்ட் அடித்தார். அதற்குள் சிவகுருவின் மனைவி பூங்கொடி ஆசுபத்திரியிலிருந்து கூப்பிட்டாள். அப்பாவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது, டாக்டர் சொட்டு மருந்து எழுதிக்கொண்டிருக்கிறார் என்றாள்.

“பாலிஷுதானுங்க முக்கியம்” என்று மயில்சாமி காம்பவுண்டைத் துணியில் தொட்டார். “ஒருக்கா கொஞ்சம் அதிகமாப் போட்டுட்டேன். அந்த வண்டி மேல மழை நிக்கல. உழுந்த துளி அத்தனையும் வழுக்கித் தெறிச்சு, திரும்ப மேகத்துக்கே போயிருச்சு. அந்த வருசம் ஊருக்கே மழை கம்மிங்க.”

“அந்த வருசம் மழை பொய்ச்சது உன்னாலயாடா?”

“சத்தமாச் சொல்லாதீங்கண்ணா. என்னை மன்னிச்சாலும் காருக்காரரைத் தோட்டத்துக்காரங்க உடமாட்டாங்க.”

“எங்க மாமா தோப்புக்கூட அப்பக் காஞ்சு போச்சுங்க” என்றான் சிவகுரு. இது நிஜம். ஆனாலும் சொல்லும்போது கூச்சமாக இருந்தது.

இப்படி ஒருவர் நம்பினால் மயில்சாமிக்கு நிலைகொள்ளாது. துணியை ஓட்டியபடியே கடைசிக் கதையை எடுத்தார். “டாப்சிலிப்புக் காட்டுல ஒரு யானை, நான் பாலிஷ் போட்ட பம்பர்ல மூஞ்சியப் பாத்திருக்குது. தந்தத்துல ஒரு கீறல். அதுவரைக்கும் அதுக்கே தெரியாது பாருங்க. காரு பின்னாலயே நடந்து இங்க வந்துருச்சு. கழுத்தச் சாச்சு நின்னுச்சு. தந்தக் கலர் கஷ்டமுங்க, வெள்ளைல துளி மஞ்சள் உடோணும். தேச்சு, பட்டி பாத்து, அடிச்சு அனுப்புனேன்.”

“யானை இந்த ரோட்டுல வந்துச்சு, ஊருல ஒருத்தரும் பாக்கல” என்றார் நாச்சிமுத்து.

“பாக்கற மாதிரி வந்தா வனத்துறைக்காரங்க உடுவாங்களா? மறைவாத்தான் வந்துச்சு. நீங்க அன்னைக்கு இங்கதான் உக்காந்திருந்தீங்க. பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்க.”

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். சிவகுரு அவரைப் பார்த்துக் கை கூப்பினான். அவன் முகத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டார். மயில்சாமியின் கை நிற்கவில்லை. பாலிஷ் முடிந்தது.

சிவகுரு குனிந்து பார்த்தான், சாய்ந்து பார்த்தான், விரலால் தடவிப் பார்த்தான். கீறலும் இல்லை, மங்கலும் இல்லை. அத்தனை புளுகுக்கு நடுவே அந்த மனிதர் வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தார். சிவகுருவுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் ஆட்டோ வந்து நின்றது.

கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காளியண்ணன் இறங்கினார். பின்னால் மருந்துப் பையோடு பூங்கொடி. பேக்கரியில் ஒரு டீ குடித்தே ஆக வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்ததாக அவள் கண்ணாலேயே சொன்னாள்.

“மாப்ள, நீங்க இங்க என்ன பண்றீங்க?” என்றவர், பக்கத்தில் நின்ற காரின் நம்பரைப் படித்தார். ரொம்ப நாளைக்கப்புறம் அவரே படித்த நம்பர் அது. கருப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். காரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சந்தனக் கலர்ல இருந்துச்சே வண்டி?”

பூங்கொடி தரையைப் பார்த்தாள். முதல் நாளிலிருந்தே வெள்ளைதான் என்று இப்போது சொன்னால், குடும்பம் மொத்தமும் தன்னைக் குருடனாக வைத்துச் சிரித்தது என்றாகிவிடும். அந்த மனுசனுக்கு அதைவிடக் கீறலே தேவலை. சிவகுருவின் வாய் தன் பழக்கப்படி திறந்தது.

“ஆமாங்க மாமா.”

“சாவியைக் குடுத்தா கலரையே மாத்திப் போடுவீங்களா மாப்ள?”

சிவகுரு மயில்சாமியைப் பார்த்தான். வாழ்நாள் முழுக்கப் புளுகுகளைத் தேடித் தேடிக் கட்டின மனிதருக்கு, அதைவிடப் பெரியது ஒன்று தானாக வந்து நின்றது. ஒரு கணம் அவரே தயங்கிவிட்டார். ஒரு கணம்தான்.

“தம்பி மேல தப்பில்லீங்க. வண்டியப் பாத்தேன், வெள்ளைல எடுப்பா இருக்கும்னு மனசு சொல்லுச்சு. நானாத்தான் முழுசா அடிச்சு உட்டேன்.”

“எப்ப?”

“இப்பத்தானுங்க. அந்தா, டீகூட இன்னும் ஆறல.”

காளியண்ணன் காரைச் சுற்றி வந்தார். கதவைத் தடவினார். பம்பரிடம் நின்று குனிந்து, புதுக் கண்ணை ஒட்ட வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். சிவகுரு மூச்சை விடவில்லை.

“கை வேலை சுத்தம். ஒரு கீறல் சொல்ல முடியாது” என்று நிமிர்ந்தார். சாவியை அவர் கேட்கவில்லை. சிவகுருவுக்கு உயிர் வந்தது.

“ஆனா எனக்கு வெள்ளை ஆவாதுங்க” என்றார் காளியண்ணன். பெஞ்சில் போய் நாச்சிமுத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “மறுபடி சந்தனக் கலரே அடிச்சுக் குடுத்துருங்க. டீ ஒண்ணு சொல்றனுங்க. ஆறறதுக்குள்ள முடிச்சுருவீங்கல்ல?”

மயில்சாமி வாயைத் திறந்தார். முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. உதவிக்கு நாச்சிமுத்துவைப் பார்த்தார். இப்போது அவர் ஒரே ஒரு சந்தேகம் கிளப்பினால்கூடப் போதும், தப்பித்துவிடலாம்.

நாச்சிமுத்து பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

“ஆமாங்க, முடிச்சுருவானுங்க” என்றார் காளியண்ணனிடம். “யானைக்கு அடிச்ச கலர் மிச்சம் இருக்குது. நான் இங்க உக்காந்து கண்ணால பாத்தனுங்க.”